கழுத்து என்று சொன்னவர்

அந்தப் படகுத்துறையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சுக்கானி என்றால் அவர்தான். வளைகுடாவின் வாயைக் கடந்து இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் பயணிகள் படகின் சக்கரம் அவர் கைக்கு வந்து, அவர் மீசை நரைத்ததைவிட அதிக காலம் ஆகியிருந்தது. காற்று கொஞ்சம் மிரட்டினாலும், “சுக்கானி இருக்கார், நீ பேசாம தூங்கு” என்று தாய்மார்கள் பிள்ளைகளைத் தட்டிக்கொடுப்பார்கள். ஒரு புயல் நாளில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்து, தவறி விழுந்த ஒரு பயணியைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தவர் அவர். அந்தக் கதையை அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. ஊரே சொல்லும். அவர் பக்கத்தில் நின்று, ‘போதும் விடுங்கப்பா’ என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வரி விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஊசி என்றால் பயம். கத்தி என்றால் கேட்கவே வேண்டாம்.

இது அவருக்கும் அவருடைய வயிற்றுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். வெயில் ஏறினால் எதிரே இருப்பதெல்லாம் சோப்புத் தண்ணீர் வழிந்த கண்ணாடிக்குப் பின்னால் போய்விடுகிறதே என்று யாருக்கும் சொல்லாமல் கண் மருத்துவரிடம் போனார். மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ரெண்டு கண்ணிலும் புரை, சின்ன ஆபரேஷன்தான், காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார். முழித்துக்கொண்டிருக்கும்போதேவா செய்வீர்கள் என்று சுக்கானி கேட்டார். ஆமாம், ஆனால் வலிக்காது என்று மருத்துவர் சிரித்தார். அந்த ‘ஆமாம்’ காதில் விழுந்த பிறகு வேறு எதுவும் விழவில்லை. வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை நடந்த பிறகுதான் ஒரு செருப்பு சின்னதாக இருப்பதையே உணர்ந்தார்.

வீட்டுக்காரியிடம், சொட்டு மருந்து போட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாக ஒரு போடு போட்டார். கடையில் ஒரு குளிர்ச்சி மருந்தை அவரே வாங்கியும் வந்தார். அந்த அம்மாள் அதை நம்பி, தினமும் காலையில் அவர் தலையை மடியில் சாய்த்து, இமையைப் பிரித்து, வாயால் ஊதி, ஒரு சொட்டு விடுவாள். “இன்னைக்குத் தெளிவா இருக்கா?” என்று கேட்பாள். “பளிச்சுன்னு இருக்கு” என்பார். வெட்கமாக இருக்கும். ஆனால் வெட்கம் பழகிப்போகிற சாமான். கத்தி பழகாது என்று அவர் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார்.

படகில் எப்படிச் சமாளித்தார் என்றால், பாதி வழக்கம், பாதி பாசாங்கு. அக்கரையின் தண்ணீர்த் தொட்டி ஒரு கறுப்புத் திட்டாகத் தெரிந்தால் போதும், அதற்கு நேராகப் போவார். ஆழமான இடத்தில் இயந்திரத்தின் சத்தம் மாறும். ஐஸ் கிடங்கின் வாடை வந்தால் கரை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். வருடாந்திரப் பரிசோதனையில், வரிசையில் முன்னால் நின்றவர்கள் எழுத்துப் பலகையை வாசிப்பதைக் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டுத் தன் முறை வந்ததும் கடகடவென்று ஒப்பித்தார். பார்வை இந்த வயதிலும் இப்படியா என்று அந்த ஊழியர் அதிசயப்பட்டார். மற்ற நாளெல்லாம் பழியை உப்பின் மேல் போட்டார். உப்புப் படிந்துவிட்டது, கண்ணாடியைத் துடை, இன்னும் துடை என்று டிக்கெட் அக்காவை விரட்டுவார்.

டிக்கெட் அக்கா அந்தப் படகில் டிக்கெட் கிழிப்பவள், கயிறு எறிபவள், வாந்தி எடுப்பவர்களுக்குப் பை கொடுப்பவள், எல்லாமே அவள்தான். “இன்னும் துடைச்சா கண்ணாடி தேஞ்சு காத்து உள்ள வரும்ணே” என்று முணுமுணுத்துக்கொண்டே துடைப்பாள். சுக்கானியைவிட வயதில் மிகவும் சிறியவள்தான். ஆனாலும் பயணிகள் எல்லோருக்கும் அக்கா.

சம்பவம் ஒரு காலை நேரத்தில் நடந்தது. சூரியன் நேர் எதிரே. தண்ணீர் முழுக்கத் தகதகவென்று வெள்ளை. தொட்டியின் திட்டுகூடத் தெரியவில்லை. சுக்கானி சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு சத்தத்தை நம்பிப் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று வெள்ளைக்கு நடுவே, மூக்குக்கு நேராக, கறுப்பாக ஒன்று. என்ன ஏது என்று யோசிக்கக்கூட இல்லை. கை தானாகச் சக்கரத்தை ஒடித்தது. படகு ஒரு பக்கமாகச் சரிந்தது. நின்றிருந்தவர்கள் விழுந்தார்கள், உட்கார்ந்திருந்தவர்கள் நின்றிருந்தவர்களின் மேல் விழுந்தார்கள். பழக்கூடைகள் உருண்டன. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி யாருடைய காலிலோ மிதிபட்டது. அந்தக் கணத்தில் பக்கவாட்டு ஜன்னலை ஒட்டினாற்போல் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று உரசிக்கொண்டு போனதை சுக்கானி பார்த்தார். நண்டுக்கூட்டில் கட்டும் மிதவையின் நிறம் அது.

“என்னய்யா, தூங்கிட்டியா?” என்று ஒரு குரல் கத்தியது. எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அத்தனை வருடத்தில் அந்தப் படகில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. வாய் திறந்தது, வாயில் இருந்தது வெளியே வந்தது.

“பெருசா ஒண்ணு. முன்னாடி எழும்பிச்சு. மீனா என்னன்னு தெரியல, படகைவிடப் பெருசு” என்று பின்பக்கம் கையைக் காட்டினார்.

அவ்வளவுதான். விழுந்தவர்கள் எல்லாம் எழுந்து பின்பக்கம் ஓடினார்கள். பிறகு ஒருவர் பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். கறுப்பாக, பளபளவென்று ஒரு முதுகு. முதுகு அமிழ்கிறது, எழும்புகிறது. இதோ தலை. தலையைத் தூக்குகிறது, இறக்குகிறது. ஐயோ, எத்தனை நீளம்.

டிக்கெட் அக்கா மட்டும் சுக்கான் அறையின் கதவைப் பிடித்தபடி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “அண்ணே, கை மாதிரி இல்ல?”

சுக்கானி திரும்பவில்லை. “கையா? கழுத்து அது. கிட்ட போனா நம்மளையும் கவுத்துடும்” என்று சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

அவர் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்கு அப்புறம் தனக்குத்தானே பல காரணங்கள் சொல்லிக்கொண்டார். படகில் அத்தனை உயிர் இருந்தது. இந்தக் கண்ணுக்குத் திரும்பினாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. இரண்டும் உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. பார்த்தால் தெரிந்துவிடுமோ என்று பயந்துதான் அவர் பார்க்கவில்லை.

அன்று மத்தியானத்துக்குள் கதை கரையெங்கும் பரவிவிட்டது. டீக்கடையில் அது படகளவு இருந்தது. மார்க்கெட்டுக்குப் போனபோது இரண்டு படகளவு ஆனது. பழக்கூடைக்காரி அது தன்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது என்றாள். கணக்கு வாத்தியாரின் கண்ணாடிதான் உடைந்துபோயிருந்ததே. ஆனால் எல்லோரையும்விடத் தெளிவாகப் பார்த்தவர் அவர்தான். முதுகில் மூன்று மேடு என்று அடித்துச் சொன்னார், அளவு போட்டு ஒரு படமும் வரைந்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து சுக்கானியைச் சக்கரத்தோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார். எங்கோ பார்ப்பதுபோல் நில்லுங்கள் என்றார். அது ஒன்றுதான் அவருக்கு நடிக்கத் தேவையில்லாமல் வந்தது.

நண்டுக்காரர் ஒருவர் படகு கவிழ்ந்து, வெகுநேரம் அதைப் பிடித்துத் தொங்கி, பிறகு வலைப்படகு ஒன்றால் கரை சேர்ந்தார் என்ற செய்தி மறுநாள் சுக்கானியின் காதுக்கு வந்தது. உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். இருக்கிறார் என்றதும் அப்பாடா என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு முடிவதற்குள் அதற்காகவே தன்மேல் அருவருப்பு வந்தது. எதற்காக விட்ட மூச்சு அது? அந்த ஆளுக்காகவா, தனக்காகவா?

அடுத்த நாள் நண்டுக்காரரே வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒல்லியான மனிதர், தோளில் தோல் உரிந்திருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று சுக்கானி நினைத்தார். சொல்லப்போனால் அப்படி வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வந்தவர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, நீங்க மட்டும் பார்க்கலைன்னா என்னைப் பைத்தியம்னு சொல்லியிருப்பாங்க” என்றார்.

நடந்ததை அவர் பார்த்த விதம் வேறு. குனிந்து கூட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார். காதுப் பக்கத்திலேயே தன் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. திடுமென்று தண்ணீர் சுவர்போல் எழும்பிப் படகு குப்புறக் கவிழ்ந்தது. தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்தால், தலைக்கு மேலே ஒரு கறுத்த வயிறு போய்க்கொண்டிருக்கிறது. மேலெல்லாம் சிப்பி ஒட்டிக் கிடக்கிறது. போகிறது, போகிறது, முடியவேயில்லை. மேலே வந்து பார்த்தால், பயணிகள் படகு ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

“கையை ஆட்டினேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சாலும் அதைத் தாண்டி எப்படி வருவீங்க? நீங்க விலகினதுதான் சரி. வந்திருந்தா அத்தனை பேரும் போயிருப்பாங்க” என்று அவரே சுக்கானிக்காக வாதாடினார்.

வீட்டுக்காரி டீ கொண்டுவந்தாள். நண்டுக்காரர் அவளிடமும், உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு கழுகுக் கண்ணு அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் பெருமையாகச் சிரித்தாள். சுக்கானி டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். தான் ஓட்டும் படகின் அடிப்பாகத்தை இந்தத் தடவை இன்னும் சுரண்டவில்லை என்பது அவருக்குத் தெரியும். சுரண்டாத படகின் வயிற்றில் என்ன ஒட்டியிருக்கும் என்பதும் தெரியும்.

கடல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். பார்த்தவர்களைப் படகுத்துறையின் காத்திருப்பு அறையில் உட்காரவைத்து, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் வரையச் சொன்னார். ஒரு தாளில் பாம்பு வந்தது, ஒன்றில் ஆமை, ஒன்றில் வாத்தியாரின் மூன்று மேடு. ஆய்வாளர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். பொறுமையாக விளக்கினார். கரையில் ஒன்றின் அளவைத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் மரம் இருக்கிறது, மாடு இருக்கிறது. கடலில் ஒன்றுமில்லை. கிட்டே மிதக்கும் சின்னக் கட்டையைத் தூரத்தில் இருப்பதாக நினைத்துவிட்டால் போதும், அது மலையாகிவிடும். வரிசையாகத் துள்ளும் ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், ஒரே நீள உடம்பாகத் தெரியும். அழுகிய திமிங்கிலத்தின் உடலுக்குக் கழுத்து முளைத்ததுபோல் இருக்கும். பெரிய சுறாக்கள் உண்மையிலேயே படகளவு வளரும், அவை பாவம், யாரையும் முட்டுவதில்லை. இன்னொன்றும் சொன்னார். முதலில் ஒருவர் இதுதான் என்று சொல்லிவிட்டால், அடுத்தவர்களின் கண் அதைத்தான் தேடும்.

“என் அனுபவத்தில பாதி சம்பவம் கவுந்து கிடக்கிற படகுதான்” என்றும் சொன்னார்.

வாத்தியார் எழுந்தார். “நீங்க படிச்சவர், ஒத்துக்கிறேன். ஆனா இவர் கடல்லயே பொறந்த மனுஷன். இவர் கண்ணுக்குப் படகுக்கும் மிருகத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?” என்று சுக்கானியைக் காட்டினார். எல்லோரும் அதுதானே என்றார்கள். நண்டுக்காரரும் எழுந்து, கவிழ்ந்த படகு என்னுடையதுதான், ஆனால் அதைக் கவிழ்த்தது எது என்று கேட்டுவிட்டு, சிப்பி ஒட்டிய வயிற்றைப் பற்றிச் சொன்னார். தான் கை ஆட்டியதையும் சொன்னார். சிப்பி என்றதும் ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வயதான திமிங்கிலங்களின் மேல் அப்படி ஒட்டுவது உண்டு என்று யோசனையோடு சொன்னார். பிறகு சுக்கானியின் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அத்தனை பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். சுக்கானி தொண்டையைச் செருமினார். “வெயில் கண்ணைக் கூசிச்சு. பெருசா இருந்துச்சு. அவ்வளவுதான் சொல்ல முடியும்” என்றார். நிதானமான மனிதர், மிகைப்படுத்தாமல் பேசுகிறார் என்று ஆய்வாளர் பாராட்டினார்.

அறையின் கடைசியில் டிக்கெட் அக்கா நின்றிருந்தாள். நண்டுக்காரர் கை ஆட்டியதாகச் சொன்னதிலிருந்து அவள் தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் சுக்கானியிடம் பேசுவதை நிறுத்தினாள். டீயைக் கொண்டுவந்து வைப்பாள், கண்ணாடியைத் துடைப்பாள், போய்விடுவாள். கண்ணாடி தேயும் என்ற கிண்டல்கூட இல்லை. அந்தக் கிண்டல் இல்லாமல் சுக்கான் அறை அவருக்கு மூச்சு முட்டியது.

நாள் போகப்போக எல்லோரும் அந்த மிருகத்தை மறந்து அடுத்த வேலையைப் பார்த்தார்கள். நண்டுக்காரரால் முடியவில்லை. படகை நிமிர்த்திக் கொடுத்தார்கள், மோட்டாரைச் சரிசெய்து கொடுத்தார்கள்; அவர் தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்கவில்லை. அவருடைய மனைவி ஐஸ் கிடங்கில் மீன் அடுக்கும் வேலைக்குப் போனாள். இக்கரையில் வீடு, அக்கரையில் கிடங்கு. தினமும் அதே படகில்தான் போய்வந்தாள். சாயங்காலம் திரும்பும்போது விரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போயிருக்கும். அவற்றைக் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்காருவாள். ஒரு நாள் இறங்கும்போது சுக்கானியிடம் தயங்கிக் கேட்டாள், அது இன்னும் இங்கேதான் சுற்றுகிறதா, உங்கள் கண்ணில் மறுபடியும் பட்டதா என்று. ஆய்வாளர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். புருஷன் கேட்கவில்லையாம். சுக்கானியே பார்த்தாரே என்கிறாராம். அந்த ஒரு பேச்சிலேயே நிற்கிறாராம்.

சுக்கானி ஏதோ முனகி அனுப்பிவிட்டார். அவள் போனதும் டிக்கெட் அக்கா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் பேசினாள்.

“நான் கைன்னு சொன்னேன். நீங்க கழுத்துன்னீங்க. என் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. இருந்தும் உங்க கண்ணைத்தான் நம்பினேன். ராத்திரி படுத்தா அந்தக் கைதான் வருது.”

“எனக்குப் புரை” என்றார் சுக்கானி. ஒருவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னது அதுவே முதல் தடவை.

“தெரியும். கண்ணாடியைத் துடைச்சவளுக்குத் தெரியாதா? அதைக் கேக்கல நான்” என்றாள் அவள்.

தன் வெட்கத்தைத் தான் ஒருவரே சுமப்பதாக அதுவரை சுக்கானி நினைத்திருந்தார். சம்பந்தமில்லாத ஒருத்தியின் தலையிலும் அதில் பாதியை ஏற்றி வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டு நண்டுக்காரரின் வீட்டுக்குப் போனார். சந்துக்குள் ஒற்றை அறை வீடு. வாசலில் நண்டுக்கூடுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒரு கூட்டுக்குள் பூனை குட்டி போட்டிருந்தது. நண்டுக்காரர் படியில் உட்கார்ந்து, கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணே வாங்க என்று எழுந்து, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுக்கானி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மிருகம் எதுவும் வரவில்லை, உன் படகு என் கண்ணுக்குத் தெரியவில்லை, உன்னைக் கவிழ்த்தது நான் சக்கரத்தை ஒடித்த வேகத்தில் எழுந்த அலை, நீ பார்த்த வயிறு என் படகின் வயிறு. வழியெல்லாம் யோசித்துக் கோர்த்து வைத்திருந்த வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. ஆனால் வந்துவிட்டன.

நண்டுக்காரர் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார். “என் பொண்டாட்டி வந்து கெஞ்சினாளா? எனக்காக நீங்க இந்தப் பழியை ஏத்துக்கணுமாண்ணே? உங்க மனசு யாருக்கும் வராது.”

ஊரே தலையில் தூக்கி வைத்த மரியாதை, இறங்க நினைக்கும்போது இறங்கவிட மாட்டேன் என்கிறது. “அந்தச் சந்து முனைக்குப் போய் நில்லு தம்பி. விரலைக் காட்டு. எத்தனைன்னு சொல்றேன்” என்றார் சுக்கானி.

விளையாட்டுக்குப் போவதுபோல் நண்டுக்காரர் போனார். வெயில் நேரே அடித்தது. சந்து முனையில் வெளிச்சமும் அதற்குள் ஒரு சாம்பல் கறையும் மட்டுமே சுக்கானிக்குத் தெரிந்தன. அந்தக் கறையில் கை எங்கே, விரல் எங்கே என்று அவர் தேடினார். தெரியவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பழக்கம் விடவில்லை.

“மூணு” என்றார்.

நண்டுக்காரர் மெதுவாகத் திரும்பி வந்தார். முகம் கிட்டே வந்த பிறகுதான் அதில் சிரிப்பு இல்லை என்பது தெரிந்தது.

“நான் கையைத் தூக்கவே இல்லைண்ணே” என்றார்.

கூட்டுக்குள் பூனைக்குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. நண்டுக்காரர் படியில் உட்கார்ந்தார். வலையை எடுத்தார், வைத்தார்.

“அன்னைக்குத் தூக்கினேன். தோள்பட்டை விட்டுப்போற மாதிரி ஆட்டினேன். உங்களுக்குத் தெரியல, சரி. அத்தனை பேர் இருந்தீங்களே. ஒருத்தருக்குமா தெரியல?”

இந்த இடத்தில் சுக்கானிக்கு ஒரு வழி இருந்தது. யாருக்கும் தெரியவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாப் பழியும் புரையோடு நின்றுவிடும். நோய்க்காரனை யாரும் வெறுப்பதில்லை. இந்த மனிதர் இரண்டு நாளில் மன்னித்தும் விடுவார். சொல் நாக்கு நுனிவரை வந்தது.

“தெரிஞ்சுது. கை மாதிரி இருக்குன்னு டிக்கெட் அக்கா சொல்லுச்சு. நான்தான் கழுத்துன்னு சொன்னேன்.”

“கைன்னு தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சுடக் கூடாதுன்னு.”

நண்டுக்காரர் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவர் முகத்தை அந்தத் தூரத்தில் சுக்கானியால் நன்றாகவே பார்க்க முடிந்தது. பார்க்க முடியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவர் எழுந்து, பூனைக் குடும்பத்தை ஒரு துணியில் எடுத்து உள்ளே விட்டார். பிறகு அடுக்கி வைத்திருந்த கூடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஒட்டடையைத் தட்டி, வெயிலில் வரிசையாக வைக்க ஆரம்பித்தார். சுக்கானி ஒரு கூட்டைப் பிடிக்கக் கை நீட்டினார்.

“போங்க” என்றார் நண்டுக்காரர். அண்ணே என்ற சொல் அதில் இல்லை.

அதன்பிறகு செய்ய வேண்டியதெல்லாம் சுலபமாக இருந்தது. அதாவது, அதைவிடக் கஷ்டமானது எதுவும் பாக்கியில்லை. படகு அலுவலகத்தில் சொன்னார், சக்கரத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆய்வாளருக்குச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்காரியிடம் சொன்னபோது அவள் சொட்டு மருந்துப் புட்டியை வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தினமும் ஊதி ஊதி விட்டேனே” என்று மட்டும் சொன்னாள். காத்திருப்பு அறையில் பயணிகளிடம் சொன்னபோது பாதிப் பேர் தலையைத் தொங்கப்போட்டார்கள். அவர்களும் அந்தக் கையைப் பார்த்தவர்கள்தானே. வாத்தியார் மட்டும் விடவில்லை. நீங்கள் சொல்வது இருக்கட்டும், மூன்று மேட்டை நான் என் கண்ணால் பார்த்தேனே, அது என்ன பொய்யா என்று சண்டைக்கே வந்தார்.

ஆபரேஷன் வலிக்கவில்லை. இதற்கா பயந்தேன் என்று மேசையில் படுத்தபடியே அழுதார். அழக்கூடாது, அசையக்கூடாது என்று மருத்துவர் அதட்டினார். கட்டுப் பிரித்த அன்று சுவரின் விரிசல் தெரிந்தது, வீட்டுக்காரியின் நரைமுடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஊரில் இவ்வளவு அழுக்கு இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுத்த கண்ணையும் முடித்துக்கொண்டு, சொந்த வேலையாக அக்கரைக்குப் போக ஒரு நாள் படகில் ஏறினார். டிக்கெட் எடுத்தார். அக்கா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள், கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றார். ஜன்னலோரம் வாத்தியார் நகர்ந்து இடம் கொடுத்தார்.

வளைகுடாவின் நடுவில், வெயில் தகதகக்கும் அதே தண்ணீரில், ஒரு சின்னப் படகு தெரிந்தது. பக்கவாட்டில் ஆரஞ்சு மிதவைகள் தொங்கின. ஒல்லியான ஆள் ஒருவர் குனிந்து கூட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு இருந்த தூரம்தான் இருக்கும். சட்டையின் கிழிசல்கூடத் தெரிந்தது. இந்தத் தூரத்தில் ஒரு மனிதனை வேறு எதுவாகவும் நினைக்கவே முடியாது. அது சுக்கானிக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

எழுந்து நின்று கையைத் தூக்கினார். நண்டுக்காரர் நிமிர்ந்து படகைப் பார்த்தார். நேராக அவரைத்தான் பார்த்தார். அதில் சந்தேகமில்லை, இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறதே. பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்து அடுத்த கயிற்றை இழுக்க ஆரம்பித்தார். சுக்கானி கையை இறக்கவில்லை. ஆட்டிக்கொண்டே இருந்தார். தோள் வலித்தது.

வாத்தியார் புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தார். “என்ன சுக்கானி, மறுபடியும் ஏதாவது தெரியுதா?” என்று ஆவலாகக் கேட்டார்.

“ஆள் சார்” என்றார் சுக்கானி. “அங்க ஒரு ஆள் இருக்கார்.”